ஓடினால் மட்டும் போதுமா?

 

மெய்நிகராக்க மென்பொருளுக்குப் பொருந்தும் சர்வரைப் பார்த்து வாங்குவது எப்படி என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். தலைப்பைக் கேட்டதும், "இதில் பேச என்ன இருக்கிறது? பொருத்தப் பட்டியல் இருக்கிறது, பார்த்து வாங்க வேண்டியதுதானே!" என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். நல்லது. நானும் அதையேதான் சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பட்டியலை யார் பார்க்கிறார்கள்? எப்போது பார்க்கிறார்கள்? எந்த வரியைப் பார்க்கிறார்கள்? சர்வர் வந்து இறங்கி, ரேக்கில் ஏற்றி, மின்சாரம் கொடுத்து, மென்பொருள் ஏற மறுத்த பிறகு பட்டியலைத் தேடுகிறவர்களே அதிகம். அப்போது பார்த்து என்ன பயன்? பில் போட்டாகிவிட்டது. பெட்டியைப் பிரித்தாகிவிட்டது.

முதலில், இந்தப் பொருத்தம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று பார்ப்போம். உங்கள் மேசைக் கணினியில் ஒரு கார்டு மக்கர் செய்தால் ஒருவருடைய வேலை கெடும். ஹைப்பர்வைசர் எனப்படும் மெய்நிகராக்க மென்பொருள் ஓடும் சர்வர் அப்படியா? ஒரே பெட்டிக்குள் இருபது, முப்பது விர்ச்சுவல் மெஷின்கள் ஓடுகின்றன. ஒன்றில் கணக்கு, ஒன்றில் மின்னஞ்சல், ஒன்றில் தரவுத்தளம், ஒன்றில் ஊழியர் வருகைப்பதிவு. அடியில் வட்டுகளை ஒன்றுசேர்க்கும் ஒரு ரெய்டு கார்டு தடுமாறினால் மேலே இருப்பது அத்தனையும் சேர்ந்து தடுமாறும். விஎம்வேர் மென்பொருள் செயலிழந்து ஊதா நிறத் திரை வந்து நின்றதைப் பார்த்தவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். அந்தத் திரை ஒரு கணினியை மட்டும் நிறுத்துவதில்லை. ஓர் அலுவலகத்தையே நிறுத்திவிடுகிறது.

இந்தச் சிக்கல் எப்போது தொடங்கியது? ஐம்பது ஆண்டு பின்னால் போவோம். 1972-ல் ஐபிஎம் நிறுவனம் விஎம்/370 என்ற இயங்குதளத்தை அறிவித்தது. ஒரே பெரிய இயந்திரத்தைப் பல பயனர்களுக்குத் தனித்தனி இயந்திரமாகக் காட்டிய அமைப்பு அது. இயந்திரத்தைச் செய்ததும் ஐபிஎம், மென்பொருளை எழுதியதும் ஐபிஎம். பொருந்துமா என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

1974-ல் ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் என்ற இருவர், விர்ச்சுவல் மெஷின்களைத் தாங்க ஒரு பிராசசருக்கு என்ன தகுதிகள் வேண்டும் என்று ஒரு கட்டுரையில் வரையறுத்தார்கள். பின்னாளில் உலகம் முழுவதும் பரவிய எக்ஸ்86 பிராசசர் அந்தத் தேர்வில் தேறவில்லை. பென்டியம் பிராசசரில் 17 கட்டளைகள் இடக்குச் செய்தன. 1998-ல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம், இடக்குச் செய்யும் கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதி அந்தத் தடையைத் தாண்டியது. 1999-ல் விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் வந்தது. 2001-ல் சர்வர்களுக்கான இஎஸ்எக்ஸ் வந்தது. அதன் பிறகுதான் பிராசசர் செய்கிறவர்கள் இறங்கி வந்தார்கள். 2005-ல் இன்டெல் விடி-எக்ஸ் வசதியைக் கொடுத்தது. 2006-ல் ஏஎம்டி தன் பங்குக்கு ஏஎம்டி-வி வசதியைக் கொடுத்தது.

ஆனால் இந்த எக்ஸ்86 உலகத்தில் பிராசசர் செய்பவர் ஒருவர்; மதர்போர்டு செய்பவர் ஒருவர்; ரெய்டு கார்டு ஒருவர்; நெட்வொர்க் கார்டு ஒருவர்; பெட்டியில் பெயர் ஒட்டி விற்பவர் ஒருவர்; மேலே ஓடும் மென்பொருளை எழுதுபவர் இன்னொருவர். இத்தனை பேர் செய்ததை ஒரு பெட்டிக்குள் போட்டால் பொறுப்பு யாருடையது? இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் பட்டியல்கள் பிறந்தன. விஎம்வேருக்குக் காம்பாட்டிபிலிட்டி கைடு இருக்கிறது. நிறுவனம் பிராட்காமின் கைக்குப் போன பிறகு அது பிராட்காம் பெயரில் வெளியாகிறது. மைக்ரோசாஃப்டுக்கு விண்டோஸ் சர்வர் கேட்டலாக் இருக்கிறது. ரெட் ஹேட்டுக்கும் தனிப் பட்டியல் இருக்கிறது.

நண்பர்களே, இந்தப் பட்டியல் என்ன சொல்கிறது என்பதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். "இது ஓடும்" என்று மட்டும் அது சொல்வதில்லை. "இந்தச் சேர்க்கையைச் சோதித்திருக்கிறோம், பிரச்சினை வந்தால் உங்களோடு நிற்போம்" என்று சொல்கிறது. பட்டியலில் இல்லாத சர்வரிலும் மென்பொருள் ஓடலாம். வருஷக்கணக்கில் கூட ஓடலாம். ஆனால் ஓடுவது வேறு, பொறுப்பேற்பது வேறு. வீடு வாங்கப் போகிறோம். விளக்கு எரிகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, சுவரில் விரிசல் இல்லை. அதைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கிறோமா? வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். அதுவும் தெருப் பெயரைச் சொல்லிப் பார்ப்பதில்லை. சர்வே எண், உட்பிரிவு எண் சொல்லிப் பார்க்கிறோம். சர்வர் விஷயத்திலும் அந்த உட்பிரிவு எண் வரைக்கும் போய்த்தான் ஆக வேண்டும்.

எப்படிப் போவது? ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

முதல் கேள்வி: உள்ளே இருக்கும் பிராசசர் எந்தத் தலைமுறை?

சர்வரின் மாடல் பெயரைப் பார்த்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். டெல் பவர்எட்ஜ் ஆர்720 என்ற சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இன்டெல்லின் இ5-2600 வரிசையும் பொருந்தும், அதற்கு அடுத்து வந்த இ5-2600 வி2 வரிசையும் பொருந்தும். வெளியே ஒரே பெட்டி, ஒரே பெயர்ப்பலகை. உள்ளே வேறு தலைமுறை. முன்னதை சாண்டி பிரிட்ஜ் என்பார்கள், பின்னதை ஐவி பிரிட்ஜ் என்பார்கள். அதனால் மாடலோடு பிராசசர் வரிசையையும் சேர்த்துத்தான் பட்டியலில் தேட வேண்டும்.

தலைமுறை ஏன் முக்கியம்? ஒவ்வொரு புதிய பதிப்பும் சில பழைய பிராசசர்களைக் கைவிடுகிறது. விஎம்வேரின் இஎஸ்எக்ஸுக்கு அடுத்து வந்த இஎஸ்எக்ஸ்ஐ மென்பொருளின் 2020 ஏப்ரல் பதிப்பான 7.0, வெஸ்ட்மியர் தலைமுறையைக் கைவிட்டது. பழைய சர்வர் வாங்குபவர்களின் செல்லப் பிள்ளையாக இருந்த டெல் ஆர்710-ல் அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஜியான் 5600 வரிசை போட்டிருந்தால், நிறுவும்போதே இந்த பிராசசருக்கு ஆதரவு இல்லை என்று திரையில் எழுதிவிட்டு நின்றுவிடும். அதே 7.0, சாண்டி பிரிட்ஜை ஏற்றுக்கொண்டது. ஆனால் எதிர்காலப் பதிப்பில் ஆதரவு இருக்காது என்று எச்சரித்தது. எச்சரிக்கையைப் படித்தவர்கள் எத்தனை பேர்? 2022-ல் 8.0 வந்தது. சொன்னபடியே சாண்டி பிரிட்ஜைக் கைவிட்டது.

இது விஎம்வேரின் குணம் மட்டும் என்று எண்ண வேண்டாம். விண்டோஸ் சர்வர் 2016 முதல், இரண்டாம் நிலை முகவரி மாற்றம் என்ற வசதி பிராசசரில் இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி எழுந்திருக்காது. 2025-ல் வந்த ரெட் ஹேட் லினக்ஸ் 10, ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இல்லாத பிராசசரில் ஏறாது. எல்லோரும் கைவிடுகிறார்கள். எப்போது கைவிடுவோம் என்று எல்லோரும் எழுதியும் வைக்கிறார்கள். நாம்தான் படிப்பதில்லை!

இரண்டாம் கேள்வி: பயாஸில் தேவையான வசதிகள் திறந்திருக்கின்றனவா?

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி, எக்ஸ்டி எனப்படும் பாதுகாப்பு பிட், கார்டை நேரடியாக விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுப்பதாக இருந்தால் விடி-டி. மூன்றும் பிராசசரில் இருந்தும் பயாஸில் அணைந்து கிடக்கலாம். லினக்ஸில் பிராசசர் விவரங்களைக் காட்டச் சொன்னால் இன்டெல்லுக்கு விஎம்எக்ஸ் என்றும் ஏஎம்டிக்கு எஸ்விஎம் என்றும் ஒரு குறி தெரியும். அந்தக் குறி தெரிந்தும் லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் ஏற மறுத்தால், முதலில் பயாஸைத் திறந்து பாருங்கள்.

மூன்றாம் கேள்வி: கார்டுகள் எவை? இங்கேதான் நாம் நிதானமாக நிற்க வேண்டும்.

கொட்டேஷனில் என்ன எழுதியிருக்கும்? "டூயல் போர்ட் 10 ஜிபி நெட்வொர்க் கார்டு." அவ்வளவுதான். யார் செய்த கார்டு? எந்தச் சிப்பு? தெரியாது. பட்டியலோ அந்தப் பெயரை வைத்துத் தேடுவதற்கு ஏற்றதன்று. பிசிஐ கார்டு ஒவ்வொன்றுக்கும் நான்கு அடையாள எண்கள் உண்டு. சிப்பைச் செய்தவரின் எண், சிப்பின் எண், கார்டை விற்பவரின் எண், அந்தக் கார்டின் எண். இன்டெல்லின் எண் 8086. அவர்களுடைய புகழ்பெற்ற பழைய பிராசசரின் பெயரையே எண்ணாக வைத்துக்கொண்டார்கள். டெல்லின் எண் 1028. ஒரு கார்டில் முதல் எண் 8086 என்றும் மூன்றாம் எண் 1028 என்றும் இருந்தால், இன்டெல் சிப்பு, டெல் பெயரில் விற்ற கார்டு என்று அர்த்தம். அதே சிப்பை வேறொரு நிறுவனம் தன் பெயரில் விற்றால் முதல் இரண்டு எண்களும் மாறாது. பின் இரண்டும் மாறும். பட்டியலில் அது வேறு வரி. அதற்கான டிரைவரும் ஃபர்ம்வேரும் வேறாக இருக்கலாம்.

இந்த எண்களை எப்படி எடுப்பது? இயந்திரம் கையில் இருந்தால் லினக்ஸில் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை போதும். இஎஸ்எக்ஸ்ஐ-யிலும் அதற்கான கட்டளை உண்டு. இயந்திரம் இன்னும் வாங்கவில்லையா? விற்பவரிடம் கேளுங்கள். கார்டின் பாகம் எண்ணைக் கேளுங்கள். "எல்லாம் ஓடும் சார்" என்ற பதில் வந்தால், பாகம் எண்ணை மறுபடியும் கேளுங்கள்.

டிரைவர் விஷயத்தில் விஎம்வேரின் கதை நமக்கெல்லாம் பாடம். பழைய பதிப்புகளில் லினக்ஸுக்கு எழுதிய டிரைவர்களையும் ஓட்டுவதற்கு விஎம்கேலினக்ஸ் என்ற அடுக்கு இருந்தது. 2013-ல் வந்த 5.5 பதிப்பில் ரியல்டெக் நெட்வொர்க் டிரைவர்களை நிறுவு வட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். மேசைக் கணினி மதர்போர்டுகளில் பெரும்பாலும் இருப்பது அந்த ரியல்டெக் சிப்புதான். கெட்டிக்காரர்கள் என்ன செய்தார்கள்? பழைய டிரைவரை நிறுவு வட்டுக்குள் தாங்களே செருகிக்கொண்டார்கள். ஓடியது. 6.0-ல் ஓடியது, 6.5-ல் ஓடியது, 6.7-லும் ஓடியது. 7.0-ல் விஎம்கேலினக்ஸ் அடுக்கையே அகற்றினார்கள். அந்த அடுக்கை நம்பியிருந்த டிரைவர் அத்தனையும் ஒரே நாளில் செல்லாக்காசாகின. நிறுவல் தொடங்கும், நெட்வொர்க் கார்டு எதுவும் இல்லை என்று சொல்லும், அத்தோடு முடிந்தது. ஓடுவது வேறு, பொறுப்பேற்பது வேறு என்று சொன்னேனே, அது இதுதான்!

ரெய்டு கார்டுக்கு வருவோம். மதர்போர்டோடு இலவசமாக வரும் மென்பொருள் ரெய்டை நம்பிப் பலர் இரண்டு வட்டுகள் வாங்கிவிடுகிறார்கள். பயாஸ் திரையில் அது ஒரே வட்டாகத் தெரியும். விண்டோஸ் போட்டால் அதற்கான டிரைவர் வழியே ஒன்றாகவும் வேலை செய்யும். இஎஸ்எக்ஸ்ஐ போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டு வட்டுகள் தனித்தனியாக வந்து நிற்கும். பாதுகாப்பு என்று நினைத்து வாங்கியது பாதுகாப்பே இல்லாமல் போயிற்று. ஆகவே, தனி ரெய்டு கார்டா, அதில் கேஷ் நினைவகம் உண்டா, மின்சாரம் போனால் அதைக் காக்க பேட்டரி உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

நான்காம் கேள்வி: எந்த டிரைவர், எந்த ஃபர்ம்வேர்?

பட்டியலில் கார்டின் பெயரைக் கண்டதும் மகிழ்ந்து மூடிவிடாதீர்கள். அந்த வரியை விரித்துப் பாருங்கள். இன்ன பதிப்புக்கு இன்ன டிரைவர், அதற்கு இன்ன ஃபர்ம்வேர் என்று இணை இணையாக எழுதியிருக்கும். டிரைவரை மட்டும் புதுப்பித்து ஃபர்ம்வேரைப் பழையதாக விட்டாலும் பொருத்தம் கெடும். ஃபர்ம்வேரை மட்டும் புதுப்பித்தாலும் கெடும். திடீரென்று நெட்வொர்க் அறுந்து அறுந்து வரும், காரணம் புரியாது, கேபிளை மாற்றுவோம், ஸ்விட்சை மாற்றுவோம். கடைசியில் பார்த்தால் இந்த இணை பொருந்தாமல் இருந்திருக்கும்.

பட்டியலில் இருப்பதே போதுமா? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2014 மார்ச்சில் விஎம்வேர் தன் விசான் மென்பொருளை வெளியிட்டது. தனி ஸ்டோரேஜ் வாங்காமல், சர்வர்களில் உள்ள வட்டுகளையே ஒன்றுசேர்த்துப் பயன்படுத்தும் மென்பொருள் அது. அதற்கான பட்டியலில் டெல்லின் பெர்க் எச்310 என்ற விலை குறைந்த கார்டும் இருந்தது. அந்தக் கார்டால் ஒரே நேரத்தில் வரிசையில் வைத்துக்கொள்ளக்கூடிய கோரிக்கைகள் 25 மட்டுமே. சாதாரண நாளில் அது தெரியாது. ஒரு சர்வர் விழுந்து, தரவை மறுபடி கட்டும் வேலை தொடங்கும்போது கோரிக்கைகள் வெள்ளமாக வரும். விர்ச்சுவல் மெஷின்களின் வேலையும் அதே வாசலில் வந்து காத்து நிற்கும். ஒரு பயனரின் நிறுவனத்தில் அப்படியே நடந்தது, அமைப்பே ஸ்தம்பித்தது. அந்த ஆண்டின் நடுவில், வரிசைத் திறன் குறைந்த கார்டுகளை விஎம்வேர் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கியது.

இதிலிருந்து இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, இஎஸ்எக்ஸ்ஐ-க்கான பொதுப் பட்டியல் வேறு, விசானுக்கான பட்டியல் வேறு. ஒன்றில் இருப்பது மற்றதில் இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு, பட்டியல் மாறும். அதனால் வாங்கும் அன்று அந்தப் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். ஒவ்வொரு பதிப்பு உயர்வுக்கு முன்பும் மறுபடி பாருங்கள்.

ஐந்தாம் கேள்வி: ஏற்கெனவே இருக்கும் சர்வர்களோடு புதியது சேருமா?

மூன்று சர்வர் ஓடுகிறது, நான்காவது வாங்குகிறோம். ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் மெஷினை நிறுத்தாமலே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வசதியைத்தான் விஎம்வேரில் வி-மோஷன் என்கிறோம். பழையவை மூன்றும் இன்டெல், புதியது ஏஎம்டி. மாற்ற முடியுமா? நிறுத்திவிட்டு மாற்றலாம்; ஓடும்போது மாற்ற முடியாது. இன்டெல்லுக்குள்ளேயே தலைமுறை வேறாக இருந்தால்? இவிசி என்ற அமைப்பு அதற்கென்றே வந்தது. எல்லா சர்வர்களும் மிகப் பழைய சர்வரின் கட்டளைகளை மட்டும் காட்டும்படி அது சமப்படுத்தும். புதிய பிராசசரின் சில புதிய கட்டளைகள் விர்ச்சுவல் மெஷின்களின் கண்ணில் படாது. அதற்குச் சம்மதம் என்றால் வாங்குங்கள்.

இந்த இடத்தில் இளைஞர்கள் எழுந்து கேட்பீர்கள்: "ஐயா, என் வீட்டில் சாதாரண பிசியில் போட்டிருக்கிறேனே, நன்றாகத்தானே ஓடுகிறது?" மகிழ்ச்சி, தம்பி. கற்றுக்கொள்ள அதுதான் வழி. பட்டியல் பார்த்துப் பயந்துகொண்டிருந்தால் யாரும் எதையும் கற்க முடியாது. 2021-ல் இன்டெல்லின் 12-ஆம் தலைமுறை வந்தபோது, வேகமான கோர்களும் சிக்கனமான கோர்களும் ஒரே சிப்பில் கலந்து வந்தன. எல்லா கோர்களும் ஒரே மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்த இஎஸ்எக்ஸ்ஐ, ஊதாத் திரையைக் காட்டி நின்றது. வீட்டில் சோதித்தவர்கள் அந்தச் சரிபார்ப்பை அணைக்கும் வழியைக் கண்டுபிடித்து ஓட்டினார்கள். கெட்டிக்காரத்தனம்தான், பாராட்டுகிறேன். ஆனால் அந்த வழியை மருத்துவமனை சர்வரில் செய்யலாமா? வங்கிக் கிளையில் செய்யலாமா? இரவு இரண்டு மணிக்கு அது விழுந்தால் உதவி எண்ணுக்கு அழைப்பீர்கள். மறுமுனையில் முதலில் கேட்பது என்ன? சர்வர் மாடல், கார்டு, டிரைவர், ஃபர்ம்வேர். பட்டியலில் இல்லை என்று தெரிந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இன்னொரு குரலும் கேட்கிறது. 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கியது. ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமத்தை நிறுத்தியது. அதன் பிறகு பலர் ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற திறந்தநிலை மென்பொருள்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். "அது டெபியன் லினக்ஸில் அமைந்தது, எதிலும் ஏறும், இனிப் பட்டியல் எதற்கு?" என்கிறார்கள். லினக்ஸுக்கு டிரைவர்கள் அதிகம் என்பது உண்மை. பழைய கார்டுகளை அது தாராளமாக ஏற்கும் என்பதும் உண்மை. ஆனால் அதிலும் கெர்னல் மாறும், டிரைவர் மாறும், ஃபர்ம்வேர் பழசாகும். அங்கே உங்கள் சேர்க்கையை முன்கூட்டியே சோதித்துத் தருகிற பட்டியல் இல்லாவிட்டால், சோதிக்கும் வேலை உங்கள் தலையில் விழுகிறது. உரிமத்தில் மிச்சமான பணத்தில் ஒரு பங்கைச் சோதனைச் சர்வருக்கு ஒதுக்குங்கள். புதிய பதிப்பை முதலில் அதில் ஏற்றிப் பாருங்கள், பிறகு மற்றவற்றில் ஏற்றுங்கள்.

ஆகவே, நிறுவனத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த சர்வர் வாங்கும்போது பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு பத்தி சேருங்கள். மாடல், பிராசசர் வரிசை, ஒவ்வொரு கார்டின் பாகம் எண், நாம் ஓட்டப்போகும் மென்பொருளின் பதிப்பு எண் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். இவை அனைத்தும் அந்த மென்பொருளின் பொருத்தப் பட்டியலில் இருப்பதாக விற்பவர் எழுத்தில் உறுதி தர வேண்டும், இல்லையென்றால் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதுங்கள். நேர்மையான விற்பனையாளர் இதற்குத் தயங்க மாட்டார். தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

பணியில் இருக்கும் நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாளைக் காலை அலுவலகம் போனதும், ஆய்வகம் போனதும், உங்கள் பொறுப்பில் உள்ள ஒரே ஒரு சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிராசசர் தலைமுறையையும், கார்டுகளின் நான்கு எண்களையும், டிரைவர், ஃபர்ம்வேர் பதிப்புகளையும் ஒரு தாளில் எழுதி, பட்டியலோடு வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேர வேலைதான். பொருந்தாதது ஏதாவது கண்ணில் பட்டால் மேலதிகாரியிடம் அன்றைக்கே எழுத்தில் சொல்லுங்கள். சர்வர் விழுந்த பிறகு சொல்லும் காரணத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.